நுரைக்குக் கீழே ஒரு பைன்ட்

லண்டன் மதுவிடுதிகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றின் மரவேலைப்பாடுகளையும் அங்கே அமர்ந்து குடித்த எழுத்தாளர்களையும் நாம் வேண்டிய மட்டும் வாசித்துவிட்டோம். குவளையில் பீர் எவ்வளவு இருந்தது என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

பிரிட்டனில் ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். மெட்ரிக் முறை வந்த பின்னரும் குழாயிலிருந்து ஊற்றும் பீருக்குச் சட்டம் விட்டுவைத்த அளவு அது. ஆனால் பெரும்பாலான விடுதிகளில் புழங்கும் குவளை, விளிம்பு தொட நிரப்பினால்தான் அவ்வளவு கொள்ளும். நுரை நிற்கத் தனி இடம் இல்லை. எனவே அது பீரின் இடத்தில் நிற்கிறது. அரிசிப்படியைத் தலைதட்டி அளந்தாலும் படி நிறைந்தே இருக்கும். இங்கே தலைப்பகுதி வெறுங்காற்று.

நுரை உட்பட அளந்தால் 95 விழுக்காடு திரவம் இருந்தால் போதும், வாடிக்கையாளர் கேட்டால் மேலும் ஊற்றித்தர வேண்டும் என்பது விடுதித் தொழிலார் தமக்கு வகுத்துக்கொண்ட நெறி. எஞ்சிய 5 விழுக்காடு ஏறத்தாழ 28 மில்லிலிட்டர். அற்பமாகத் தோன்றலாம், ஆனால் 20 குவளைக்கு ஒரு குவளை ஊற்றப்படாமலேயே விற்றுப்போகிறது. 2024-இல் வணிகத் தர அலுவலர்களின் அமைப்பு வாங்கிச் சோதித்த பீர், ஒயின் குவளைகளில் 10-க்கு 7 அளவு குறைந்தவை.

நுரையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வட இங்கிலாந்தில் அடர்ந்த நுரையை விரும்பிக் குடிப்போர் பலர். நுரைக்கு உரிய இடம் அளவுக்கோட்டுக்கு மேலே என்பதே நம் கட்சி. சற்றுப் பெரிய குவளையில் 568 மில்லிலிட்டருக்குக் கோடிட்டுவிட்டால் வழக்கு முடிந்தது. ஜெர்மனியில் இத்தகைய கோடு கட்டாயம். 1971-இல் தோன்றிய காம்ரா என்னும் பீர் ஆர்வலர் இயக்கம் இதையே பல காலமாகக் கேட்டுவருகிறது.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1949-இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' நாவலில் ஒரு கிழவர் பைன்ட் கேட்பார். லிட்டரும் அரை லிட்டரும் மட்டுமே அறிந்த பரிமாறுபவனுக்கு அச்சொல்லே புரியாது. அங்கே சொல் அழிந்தது. சொல் பிழைத்திருக்கப் பொருள் சுருங்குவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பைன்ட் என்று கேட்டால் கிடைப்பது 425 மில்லிலிட்டர். முழு அளவு வேண்டுவோர் 'இம்பீரியல் பைன்ட்' என்று அடைமொழி சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு சொல்லுக்கு 'உண்மையான', 'முழுமையான' என்று அடைமொழி தேவைப்படும்போதே அதன் பொருள் களவு போகத் தொடங்கிவிட்டது எனலாம்.

ஆகவே நகரில் நல்ல விடுதி தேடும் நண்பர்கள் முதலில் அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் குவளைகளைப் பார்க்கட்டும். கோடு இருந்தால் தயங்காமல் அமரலாம். இல்லையெனில் நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, குவளையை மீண்டும் நீட்ட வேண்டும். கூட்டத்தின் நடுவே அப்படிக் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் 28 மில்லிலிட்டர் வியாபாரம் நடக்கிறது.