பெட்டகத்துக்கு மேல என்ன மாட்டுறது?

வீடு சோடிக்கிற வீடியோக்களில் இப்ப ஒரே சூத்திரம்தான். கீழே சாய்மனைக் கதிரை, மேலே சுவர் நிறைய ஒரு கன்வஸ். கதிரை நூறு வருசப் பழசாம், படம் போன கிழமை ஒன்லைனில் வந்ததாம். பழமையும் புதுமையும் கலக்குதாம். தாராளமாகக் கலக்கட்டும், அதில எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டும் எங்கயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேட்காமல் இருக்கிறதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

'யாழ்ப்பாணத்துப் பெட்டகம்' எண்டு விலைப்படுகிற சாமான் ஆரோ ஒருத்தரின்ர வீட்டில இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோதும் பெட்டகத்தை ஒருத்தரும் தலையில் தூக்கிக்கொண்டு போகேல்லை. விட்டுட்டுப் போன சாமான்களில் கொஞ்சம் அழிந்தது, கொஞ்சம் கைமாறியது. வெளிநாடு போகவும் சீதனம் குடுக்கவும் விரும்பி வித்தவையும் இருக்கினம்தான். ஆனால் எது எந்த வகை எண்டு விலைத்துண்டில் இருக்காது. 'அன்ரிக்' எண்ட ஒரு சொல் எல்லாத்துக்கும் சேர்த்துப் பொலிஷ் அடிச்சு விடுது.

யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிற ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' 2011இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த தங்கட வீடுகளின் வரைபடத்தை ஞாபகத்தில் இருந்து கீறிக் குடுத்திருக்கினம். அதோட அவரவர் கதையும் சனாதனனின் ஓவியமும் வருது. நாலு பக்கம் புரட்டினாப் பிறகு ஒரு பழைய அலுமாரியை வெறும் 'லுக்' ஆகப் பார்க்கிறது கஷ்டம்.

சரி, சுவருக்கு வருவம். சாம்பல் வட்டம், தங்கக் கோடு, ஒரு இலை. இதுக்குப் பெயர் நவீன ஓவியம்! இராமநாதன் நுண்கலைப் பக்கம் எங்கட வயசுப் பிள்ளையள் கீறுகிற படங்கள் கண்காட்சி முடிஞ்சதும் கட்டிலுக்குக் கீழே போகுது. கதிரைக்கு லட்சக்கணக்கில் எண்ணிக் குடுக்கிறவர் படத்துக்கு ஐயாயிரம் எண்டதும் "பேப்பர்தானே தம்பி" எண்டுறார். (எங்கட வாடகை அறையில ஆணி அடிக்கவே தடை, அது வேற கதை.)

"எங்கட காசு, எங்கட ரசனை, உங்களுக்கென்ன?" எண்டு கேட்பியள். ரசனை உங்கட பாடு. ஆனால் அதுக்குக் கீழ 'பாரம்பரியத்தை மீட்கிறோம்' எண்டு எழுதினால் நாங்கள் கேள்வி கேட்போம். மீட்கிறதெண்டால், வாங்கேக்க கடைக்காரரிட்ட இது எந்த ஊர், ஆற்ற வீடு எண்டு கேளுங்கோ. அவர் சொன்னதை ஒரு துண்டில எழுதி, பெட்டகத்து மூடியின்ர உள்பக்கம் ஒட்டுங்கோ. சுவருக்குப் படம் வேணுமெண்டால் அடுத்த மாணவர் கண்காட்சிக்கு வாங்கோ, கீறின ஆளே பக்கத்தில நிற்கும். விலையை மட்டும் அடிச்சுக் குறைக்காதேங்கோ.