வேரைப் பிடுங்கிய பின்னும் தீராத தண்டனை

முழு விலை கொடுத்துத் திறன்பேசி வாங்கியவர் அதன் முழு உரிமையாளரா? இல்லை என்பதே இன்றைய நடைமுறை. ஆண்ட்ராய்டு லினக்ஸ் மீது எழுப்பப்பட்டது. யூனிக்ஸ் மரபில் எதையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் பெற்ற பயனரின் பெயர் 'ரூட்'. அந்தப் பயனர் ஒவ்வொரு பேசியிலும் இருக்கிறார். பணம் கொடுத்தவர் மட்டும் அவராக முடியாது.

அந்த அதிகாரத்தைப் பெறுவதே ரூட் செய்தல். முதலில் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்போதே பேசியிலுள்ள தரவுகள் அழிந்துவிடும். பிறகு மேஜிஸ்க் போன்ற மென்பொருளைக் கொண்டு பூட் கோப்பை மாற்றி ஏற்ற வேண்டும். நீக்குவது அதைவிட எளிது: மூலக் கோப்பைத் திரும்ப ஏற்றினால் மென்பொருள் அளவில் பேசி பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் தண்டனை நீங்குவதில்லை. சாம்சங் பேசிகள் பலவற்றில் நாக்ஸ் அமைப்புக்கென ஒரு மின் ஃபியூஸ் உண்டு. அங்கீகாரமற்ற பூட் கோப்பு ஒருமுறை ஏறினாலே அது எரிந்துவிடும். ரூட்டை நீக்கினாலும் நிறுவனத்தின் மென்பொருளையே மீண்டும் நிறுவினாலும் ஃபியூஸ் மீளாது. 'செக்யூர் ஃபோல்டர்' போன்ற வசதிகள் நிரந்தரமாக முடக்கப்படும். குற்றவாளிக்குக்கூடத் தண்டனைக் காலம் முடிவதுண்டு. தன் பொருளைத் திறந்து பார்த்தவருக்கு அதுவும் இல்லை.

பாதுகாப்புக்காகவே இந்தக் கட்டுப்பாடு என்பது மறுதரப்பின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரூட் அதிகாரம் தீய செயலியின் கைக்குப் போனால் பிற செயலிகளின் தரவும் அதற்குத் திறந்துவிடும். எங்கிருந்தோ இறக்கிய 'ஒரே சொடுக்கு' கருவிகளை நம்புவது பேதைமை. ஆயினும் வங்கிச் செயலிகள் பல நம்பியிருக்கும் கூகுளின் சோதனை எதை அளக்கிறது? ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புப் புதுப்பிப்பே பெறாத பழைய பேசி அதன் வழக்கமான நிலையில் தேறிவிடுகிறது. அதே பேசியில் லீனியேஜ் ஓஎஸ் ஏற்றி அண்மைக்காலத் திருத்தங்களைப் பெற்றவர் தோற்கிறார். இங்கே அளக்கப்படுவது பாதுகாப்பைவிடக் கீழ்ப்படிதலே.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்னரே ஏற்றப்பட்ட தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. அந்த ஆணையையோ நீக்கிவிட்டது. அரசுக்குரிய தொகை நிலைத்தது, பயனருக்குரிய உரிமை கழன்றது.

கேட்கப்படுவது பெரிதன்று. பூட்டைத் திறக்க முடியுமா, திறந்தால் எவையெல்லாம் நிரந்தரமாகப் போகும் என்பதை விற்கும்போதே பெட்டியின் மீது அச்சிட வேண்டும். மூல நிலைக்குத் திரும்பிய பேசியை வங்கிகள் ஏற்க வேண்டும். புதுப்பிப்பை நிறுத்தும் நாளிலேயே நிறுவனம் சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கைவிட்ட வீட்டின் சாவியையும் தானே வைத்திருப்பவரை விற்றவர் என்று எவரும் சொல்லமாட்டார்.