வீடில்லா வாசல்

நிலவைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்கு நாசா இட்ட பெயர் 'கேட்வே', அதாவது வாசல். வாதம் செய்யவேண்டிய வேலையைச் சில சமயம் பெயரே செய்துவிடும் என்பது இலக்கியம் பயில்வோர் அறியாததன்று. வாசல் என்றதும், அதையடுத்து ஒரு வீடு இருப்பதாக மனம் தானே கற்பித்துக்கொள்கிறது.

அவ்வாசல் எங்கே அமைய இருந்தது என்று பாருங்கள். நிலவின் துருவங்களுக்கு மேலாக நீண்டு செல்லும் வளையப்பாதை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறரை நாள். நெருங்கும்போது சுமார் 3,000 கிலோமீட்டர், விலகும்போது சுமார் 70,000 கிலோமீட்டர். இறங்குவதற்கு வசதி என்று தேர்ந்த இடமன்று இது. வீரர்களைச் சுமந்து செல்லும் ஓரியன் கலத்தின் எரிபொருள், வினாடிக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் அளவுக்கே வேகத்தை மாற்ற வல்லது. நிலவை ஒட்டிய தாழ்பாதைக்குள் புகுந்து மீள அது போதாது. 1969இல் அப்பல்லோ 11 சென்ற பாதைக்கு இக்கலத்தால் செல்ல இயலாது என்பதுதான் நேரான உண்மை. செருப்புக்கேற்பக் காலை வெட்டியிருக்கிறார்கள்.

அந்தக் குறை மறைந்துவிடவில்லை. இறங்குகலத்தின் தலையில் ஏற்றப்பட்டது. போகும்போதும் திரும்பும்போதும் அது கூடுதல் எரிபொருளைச் சுமந்தாகவேண்டும். தாழ்பாதையில் தாய்க்கலம் சுமார் இரண்டு மணிக்கொருமுறை தலைக்குமேல் வரும். இங்கோ, நிலவின் தரையில் ஒருவர் நோயுற்றால், நிலையத்தை அடைய நாட்கணக்கில் ஆகலாம்.

ஆதரவாளர்கள் சொல்லும் நன்மைகள் பொய்யல்ல. அப்பாதையிலிருந்து பூமி எப்போதும் கண்ணில் படும். தென்துருவத்தை நெடுநேரம் நோக்கலாம். பாதையில் நிலைத்திருக்கச் செலவாகும் எரிபொருளும் சொற்பம். ஆனால் இவற்றுக்கு மனிதர் தங்கும் அறைகள் எதற்கு? அந்தப் பாதையை 2022இல் சோதித்துக் காட்டிய கேப்ஸ்டோன் சுமார் 25 கிலோ எடையுள்ள சிறு கோள். 2024இல் சீனா ஏவிய சுவேச்சியாவ்-2 என்னும் தகவல்தொடர்புக் கோளின் துணையோடுதான், சாங்-அ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோ மண்ணை அள்ளிவந்தது.

இந்நிலையத்தின் முதல் இரு பகுதிகளுக்கு மட்டும் 530 கோடி டாலர் என்பது 2024இல் அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட மதிப்பு. அதுவும் ஆண்டுக்குச் சில வாரங்களே ஆள் தங்கும் வீட்டுக்கு. முதல் தரையிறக்கத்துக்கு இந்நிலையம் கட்டாயமில்லை என்று 2020இலேயே நாசா விலக்கிவைத்ததை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

எஞ்சுவது ஒரே வாதம், அதுவே வலுவானதும்கூட. ஐரோப்பா, ஜப்பான், கனடா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியோரைக் கட்டிவைக்கும் கயிறு இந்நிலையம் என்கிறார்கள். பலநாட்டுப் பிணைப்பு ஒரு திட்டத்துக்கு ஆயுள் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. 1993 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் பிழைத்த விண்வெளி நிலையத் திட்டம், ரஷ்யாவும் சேர்ந்தபின் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதை உலகம் கண்டது. அப்படியாயின் அதை அரசியல் செலவு என்றே எழுதுங்கள். அறிவியலின் கணக்கில் ஏற்றாதீர்கள்.

மேலும், கயிற்றைக் கட்ட வெற்றுவெளிதான் வேண்டுமா? 2024 ஏப்ரலில் ஜப்பானுடன் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. நிலவின் தரையில் வீரர்கள் உள்ளே தங்கிப் பயணம் செய்யத்தக்க ஊர்தியை ஜப்பான் தரும். பதிலுக்கு ஜப்பானியர் இருவர் நிலவில் இறங்குவர். நட்பும் கிடைத்தது, தரையில் ஓடும் ஒரு வண்டியும் கிடைத்தது. 2025 மே மாதம் நிலையத்தைக் கைவிட வெள்ளை மாளிகை முன்மொழிந்தபோது, ஜூலையில் அதற்கென 260 கோடி டாலரை ஒதுக்கிச் சட்டம் செய்தவர்கள் இந்த ஒப்பந்தத்தைப் படித்திருக்கவேண்டும்.