செத்த மாட்டுக்கும் கணக்கு உண்டு



அரசாங்கம் தரும் நட்டஈடு என்றவுடன் எம்மவரில் சிலர், "அது பிச்சைக் காசு, கேட்கக் கூச்சம்" என்கிறார்கள். வேறு சிலர், கேட்டவுடன் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டும் சரியல்ல. அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரருக்கு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

2013 ஒக்டோபர் 3ஆம் திகதி தொடங்கி 5ஆம் திகதி வரை தென் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியைப் பெரிய பனிப்புயல் ஒன்று அடித்தது. அட்லஸ் என்று அதற்குப் பெயர். குளிர்காலம் இன்னும் தொடங்கவில்லை. மாடுகள் கோடை மேய்ச்சல் வெளியிலேயே நின்றன. குளிருக்கான தடித்த உரோமம் வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழை பெய்து தோல்வரை நனைத்தது. பின்னால் பனியும் காற்றும் வந்தன. ஒதுங்க இடமின்றி நடந்த மாடுகள் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் குவியலாகச் செத்தன. அழிந்தவை பல்லாயிரம். பட்டியில் பாதியை இழந்த குடும்பங்களும் உண்டு.

அந்த நேரம் பார்த்து அரசாங்கமே பூட்டிக் கிடந்தது! வரவு செலவுத் தகராறினால் ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து மத்திய அரசின் விவசாயக் கந்தோர்கள் மூடப்பட்டிருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், கால்நடை நட்டஈட்டுத் திட்டம் 2011 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமல் இருந்தது. கேட்கக் கந்தோரும் இல்லை, கொடுக்கச் சட்டமும் இல்லை.

அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்தி, கணக்கை எழுதி வையுங்கள் என்பதுதான். செத்த மாட்டைக் கிடக்கவிட்டால் நோய் பரவும். புதைத்தால் சாட்சி போய்விடும். ஆகவே புதைக்குமுன் படம் எடுத்தார்கள். காதிலிருந்த இலக்கத்தையும் குறிசுட்ட அடையாளத்தையும் குறித்தார்கள். மிருக வைத்தியரையோ வேறு வெளியாளையோ சாட்சி வைத்தார்கள்.

2014 பெப்ரவரி 7ஆம் திகதி புதிய விவசாயச் சட்டம் கையொப்பமானது. 2011 ஒக்டோபர் 1ஆம் திகதிக்குப் பிறகு நடந்த இழப்புகளுக்கும் அது நட்டஈடு கொடுத்தது. ஏப்ரல் 15ஆம் திகதி விண்ணப்பம் ஏற்கத் தொடங்கினார்கள். ஆறு மாதத்துக்கு முன் எழுதி வைத்த கணக்கு அன்றுதான் உதவியது.

கிடைத்ததும் முழுப் பணமல்ல. சந்தை விலையில் நூற்றுக்கு 75. அதிலும் வருடாவருடம் வழமையாகச் சாகும் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். மாட்டின் வயிற்றிலிருந்த கன்றுக்கு ஒன்றுமில்லை. 2025 யூலையில் வந்த சட்டம்தான் வயிற்றுக் கன்றுக்கும் ஒரு தொகை சேர்த்தது. ஓநாய் போன்றவை கொன்றால் முழு விலை என்றும் அது சொல்கிறது. புயலுக்கு இன்றும் 75தான்.

பல வருடம் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய பட்டியைக் காசு திருப்பித் தராது. அதை அறிந்த வேறு மாநிலப் பண்ணைக்காரர்கள் தங்கள் நாகுகளை ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சட்டம் செய்யாததை மனிதர்கள் செய்தார்கள்.

2009இல் வன்னியில் மாடுகளைக் கட்டவிழ்த்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களில் எத்தனை பேரிடம் எழுத்தில் கணக்கு இருக்கிறது? உயிர் தப்பினால் போதும் என்றிருந்த சனம் எதை எழுதும்? ஆனால் இப்போது வந்து சேர்ந்திருக்கும் நாடுகளில் நிலைமை வேறு. வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும், வேலையிடத்தில் கை நசுங்கினாலும், கடை எரிந்தாலும் முதல் கேள்வி, "அத்தாட்சி எங்கே?" என்பதுதான்.

ஆகவே, நடந்த அன்றே திகதியை எழுதுங்கள். துப்புரவாக்குமுன் படம் எடுங்கள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். கண்ட ஒருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள்.

ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரனே படிவம் நிரப்பி நிற்கும்போது, எங்களுக்கு என்ன வெட்கம்?