வீடு வந்தது, ரயில் எங்கே?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் நம் பெரியவர்கள். மும்பையில் வீடு வாங்கியவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். சாவி கைக்கு வந்த பிறகும் தண்ணீருக்கு லாரி, ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ என்று அலையும் குடும்பங்கள் நம்மிடையே பல.

இது தலையெழுத்து அன்று; திட்டமிடும் முறையில் உள்ள கோளாறு. வீட்டுக்கு ஓர் இலாகா, சாலைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, ரயிலுக்கு டில்லி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. 2012-ல் மத்திய அரசின் நிபுணர் குழுவோ, நகரங்களுக்கு சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது! விலை, வாடகைக்கு விட பயம் எனக் காரணங்கள் பல. வேலைக்குப் போய்வர வழியில்லாத இடத்தில் கட்டியதும் அவற்றில் ஒன்று.

நவி மும்பையையே பாருங்கள். சிட்கோ தொடங்கியது 1970-ல். வாஷிக்கு ரயில் வந்தது 1992-ல். அந்தப் பாதையின் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை சிட்கோ ஏற்றது, மீதியை ரயில்வே ஏற்றது. ரயில் வந்தால் மனை விலை ஏறும். ஏறும் விலையிலிருந்து ரயிலுக்குக் கொடுப்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் காலத்தில் செய்யவில்லை. உல்வே பக்கம் கட்டிடங்கள் எழும்பிய பிறகே, 2018-ல் கார்கோப்பர் வரை வண்டி ஓடியது. உரண் போய்ச் சேர 2024 ஆயிற்று.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. புதுப் பாதை போட்டால், பாதுகாப்பு ஆணையர் பார்த்து அனுமதி தராமல் பயணிகள் வண்டி ஓடாது. வீட்டுக்கும் குடியேறச் சான்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கட்டிடத்தைப் பார்க்கிறதே தவிர, பேட்டையைப் பார்ப்பதில்லை. குடிநீர், சாக்கடை, போக்குவரத்து மூன்றும் தயார் என்று ஒரே அமைப்பு சொன்ன பிறகே ஜனங்கள் குடிபோக வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரத் திட்டக்குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பல நகரங்களில் இது ஏட்டளவில் நிற்கிறது. 2021-ல் வந்த கதிசக்தி திட்டம் எல்லா இலாகாக்களையும் ஒரே வரைபடத்தில் காட்டுகிறது, நல்லதுதான். ஆனால் வரைபடத்துக்குப் பணமும் அதிகாரமும் கிடையாது. அவற்றைத் திட்டக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படி நிபந்தனை போட்டால் வீட்டு விலை ஏறும் என்பார்கள். லாரித் தண்ணீருக்கு வருஷக்கணக்கில் அழுகிற பணம் எந்தக் கணக்கில் சேரும்?

வெளியூர்க்காரர்கள் என்று நாம் ஒதுங்க வேண்டாம். வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். அடுத்த முறை வார்டில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "திட்டக்குழு எப்போது கூடியது?" என்று கேட்டுப் பாருங்கள்.