குறையும் நிறையும்

எடுத்த செயலைத் திருந்தச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் உயர்ந்தது. உழவரும் சிற்பியும் அவ்வெண்ணத்தாலேயே தத்தம் தொழிலில் மேன்மை அடைகின்றனர். ஆயினும், அது அளவு கடந்து, அணுவளவு குறையையும் பொறாத மனநிலையாக மாறுமாயின், தொழிலையும் கெடுக்கும். தொழில் செய்பவர் உள்ளத்தையும் வாட்டும். இயற்கையை ஒளிப்படம் எடுக்கும் கலைஞர்களிடம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

ஓவியர் தம் விருப்பம்போல் வானத்தைத் தீட்டலாம். மரத்தை இடம் மாற்றி வரையலாம். ஒளிப்படக் கலைஞருக்கோ அவ்வுரிமை இல்லை. கதிரவன் அவருக்காகக் காத்திருப்பதில்லை; பறவை அவர் விரும்பிய பக்கம் திரும்புவதில்லை. தம் ஆணைக்கு உட்படாத இயற்கையிடம் குறையின்மையையே எதிர்பார்ப்பவர், நூறு படம் எடுத்தும் ஒன்றிலேனும் மனநிறைவு கொள்ளார்; நாளடைவில் கருவியைக் கையில் எடுக்கவும் அஞ்சுவார்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) தொழில் திருத்தத்திற்குப் பெயர் பெற்றவர். 1941ஆம் ஆண்டு ஒரு மாலையில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் வழியே அவர் காரில் சென்றார். வானில் நிலவு எழுந்திருந்தது; மறையும் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகளின்மீது பட்டு மின்னியது. அவர் விரைந்து கருவியை நிறுத்தினார்; ஒளியை அளக்கும் மானியோ அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்தமையால், அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மற்றொன்று எடுப்பதற்குள் சிலுவைகளின்மீது இருந்த ஒளி மறைந்துவிட்டது. கிடைத்த ஒரே நெகட்டிவிலும் முன்புறக் காட்சி போதிய அழுத்தமின்றி இருந்தது. அவர் அதனை வீசி எறியவில்லை. 1948இல் அப்பகுதியை மருந்திட்டுச் செறிவாக்கினார். பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டுச் செம்மைப்படுத்தினார். இன்று அது அவருடைய படங்களுள் பெரும்புகழ் பெற்றவற்றுள் ஒன்றாகத் திகழ்கிறது. மானி கிடைத்த பின்னரே எடுப்பேன் என்று அவர் நின்றிருப்பாராயின், உலகம் அப்படத்தைக் கண்டிருக்குமா?

குறையற்றதையே தேடுவதில் மற்றொரு தீங்கும் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து உழவரான வில்சன் பென்ட்லி, 1885ஆம் ஆண்டு முதல் பனிப்படிகங்களை நுண்ணோக்கியின் வழியே படம் எடுத்தார். 1931இல் மறையும்வரை அவர் எடுத்த படங்கள் 5000க்கும் மேற்பட்டவை. அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. எனினும், ஆறு முனைகளும் ஒத்து விளங்கும் அழகிய படிகங்களையே அவர் விரும்பித் தேர்ந்தார். உண்மையில் விண்ணிலிருந்து விழும் படிகங்களுள் பெரும்பாலானவை உடைந்தும் ஒட்டியும் சீர் குலைந்தும் இருப்பவையே. அப்படங்களை மட்டும் கண்டவர், பனி முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று கருதுதல் இயல்பு. குறையை விலக்கும் ஆர்வம், உண்மையையும் ஓரளவு விலக்கிவிடுகிறது.

இவ்வார்வம் சில வேளைகளில் உயிருக்கும் ஊறு செய்யும். பறவைக் கூட்டை மறைக்கும் சிறு கிளை, படத்திற்குக் குறையாகத் தோன்றலாம். ஆனால், கடும் வெயிலிலிருந்தும் காக்கையின் பார்வையிலிருந்தும் குஞ்சுகளைக் காப்பது அக்கிளையே. அதனை வெட்டி எடுத்த படம் எத்துணைத் தெளிவாயினும், அதனைச் சிறந்த படம் என்று கூறுதல் தகுமோ?

ஆதலின், கலைஞர் தம் திருத்தத்தைத் தம் ஆட்சிக்கு உட்பட்டவற்றில் காட்டுதல் வேண்டும். கருவியைப் பழகுதலும், ஒளியின் இயல்பை அறிதலும், பொறுமையுடன் காத்திருத்தலும் அவர் கடமை. நேரம் வாய்த்தபோது, கிடைத்த ஒளியில் துணிந்து படம் எடுத்தல் வேண்டும்; பின்னர் அதன் குறையை அறிந்து, அடுத்த படத்தை நோக்கிச் செல்லுதல் வேண்டும். காற்றில் அசைந்த இலையும், பாதி மறைந்த பறவையும் இயற்கையின் குறைகள் அல்ல. அவை இயற்கையே ஆகும்.