அம்மாவின் மிளகாய் வற்றலும் ஆஸ்திரேலிய விமான நிலையமும்

சிட்னி, மெல்போர்ன் பக்கம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர்கள் யாரிடம் பேசினாலும் ஒரு புலம்பல் நிச்சயம் உண்டு. "பத்து நாள் மொட்டை மாடியில காய வெச்சு எடுத்துட்டுப் போனேன் சார். ஏர்போர்ட்ல ஒரு பொண்ணு கையுறைய மாட்டிக்கிட்டு வந்து எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டா. நம்ம சாமான்னா அவங்களுக்கு அவ்வளவு எளக்காரம்." பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் இதைக் கேட்கலாம். பாதி வீட்டுப் பிள்ளைகள் இப்போது அந்தப் பக்கம்தானே!

எனக்கு இந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் சரிதான். அதோடு, அதே மாதிரி ஒன்று நம்முடைய அந்தமானுக்கும் வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 1908-ல் போட்ட பழைய குவாரண்டைன் சட்டத்தை எடுத்துவிட்டு, 2015-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து 2016-லிருந்து நடைமுறைப்படுத்துகிறார்கள். இறங்கும் ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் கையெழுத்திட வேண்டும். (சில விமானங்களில் இது இப்போது கைபேசி வழியாக.) உணவு, விதை, செடி, மரச் சாமான், விலங்குப் பொருள், செருப்பில் ஒட்டிய மண் என்று எது இருந்தாலும் "ஆமாம்" என்று குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் அதிகாரி பார்ப்பார். ஆகாத பொருளை எடுத்துக்கொள்வார். ஒழுங்காகச் சொன்னவருக்கு அபராதம் கிடையாது. மறைத்தால்தான் வம்பு.

எவ்வளவு வம்பு? 2019 அக்டோபரில் வியட்நாமிலிருந்து சிட்னியில் வந்து இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டியில் பன்றி இறைச்சி, காடை என்று பத்து கிலோவுக்குப் பக்கம் இருந்தது. சொல்லவில்லை. விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2022-ல் பாலியிலிருந்து டார்வினுக்கு வந்தவர் பையில் மெக்டொனால்ட்ஸ் காலை உணவுப் பொட்டலம் இரண்டும் ஒரு ரொட்டியும். அபராதம் 2,664 டாலர். அதற்குப் பிறகு அபராதத் தொகை இன்னும் ஏறியிருக்கிறது. நியூசிலாந்தில் சொல்லாமல் விட்டாலே அந்த இடத்திலேயே 400 டாலர்.

ஆக இதில் இந்தியர், தமிழர் என்ற கணக்கே இல்லை. மெக்டொனால்ட்ஸுக்கும் அதே கதிதான் :-)

சரி, மிளகாய் வற்றல் மேல் என்ன கோபம்? கப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது. சின்ன எள் அளவுதான். இதன் புழு தானியத்தைத் தின்று, உரித்த தோலையும் முடியையும் அதிலேயே விட்டுவைக்கும். தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டால் சுவர் இடுக்கில், கோணிப்பை மடிப்பில் வருஷக் கணக்கில் சும்மா கிடந்து, தானியம் வந்ததும் எழுந்துகொள்ளும். சாதாரண மருந்துக்குச் சாகாது. இதன் பூர்வீகம் நம் இந்தியத் துணைக்கண்டம்தான் என்று பூச்சியியல்காரர்கள் கருதுகிறார்கள். பெயரே இந்திப் பெயர். அதாவது நம் ஊர்க்காரன்.

1953-ல் இது கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கிடங்கு கிடங்காகக் கூடாரம் போட்டு மூடிப் புகை மருந்து விட்டு ஒழித்து முடிக்க 1966 ஆகிவிட்டது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம், வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமானில் கிடைத்தது. அந்த வீட்டையே மூடிப் புகை போட வேண்டி வந்தது. கோதுமையை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு அது. இந்த வண்டு அங்கே நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால்தான் 2020-லிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி, துவரை, பயறு, கொண்டைக்கடலை, சீரகம், மல்லி, சோம்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இதே விதிதான். பட்டியலைப் பார்த்தால் நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கும். அந்த வண்டும் அதே பெட்டியில்தானே வளர்ந்தது!

பால்கோவா, பேடா, பர்ஃபி கூடாது என்பதற்குக் காரணம் வேறு. மாட்டுக்கு வரும் கோமாரி நோய். நம் நாட்டில் அது பழகிப்போன நோய். அவர்கள் நாட்டில் அறவே கிடையாது. 2001-ல் பிரிட்டனுக்குள் கோமாரி புகுந்தபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளைக் கொன்றுதான் நிறுத்த முடிந்தது. ஒரு டப்பா பால்கோவாவுக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அடுத்தது நாய். பெங்களூரில் ஐடி குடும்பங்கள் பிள்ளைபோல நாய் வளர்க்கிறார்கள். குடிபெயரும்போது அதையும் கூட்டிப்போக ஆசை. இந்தியா ஆஸ்திரேலியாவின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. நேராகக் கொண்டுபோக முடியாது. முதலில் சிங்கப்பூர் மாதிரி பட்டியலில் உள்ள ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய், ரேபிஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, ஆறு மாத அளவுக்கு அங்கே வைத்திருந்து, பிறகு மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் உள்ள அரசுக் கூடத்தில் குறைந்தது பத்து நாள் தங்கவைக்க வேண்டும். செலவு லட்சக் கணக்கில். "நாய்க்கு பி.ஆர். வாங்குறது மனுஷனுக்கு வாங்குறதைவிடக் கஷ்டம்" என்று என் நண்பர் சொல்வார். உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நோய் இல்லாத ஊர்க்காரன் பயப்படாமல் என்ன செய்வான்?

பெரிய மனிதர்களை விட்டுவிடுகிறார்களா என்று கேட்பீர்கள். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹெர்டும் தனி விமானத்தில் இரண்டு நாய்க்குட்டிகளைச் சொல்லாமல் கொண்டுபோனார்கள். "நாய்கள் கிளம்பட்டும், இல்லாவிட்டால் உயிரோடு இருக்காது" என்கிற தொனியில் அமைச்சர் கெடு வைத்தார். நாய்கள் திரும்பிப் போயின. மறு வருஷம் ஆம்பர் ஹெர்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எந்தக் குற்றம் தெரியுமா? அந்த வருகை அட்டையில் தவறான தகவல் கொடுத்தது. கணவன் மனைவி இருவரும் கேமரா முன்னால் உட்கார்ந்து வருத்தமும் தெரிவிக்க வேண்டியிருந்தது.

வங்கிக்காரன் புத்தியில் இதை இப்படிப் பார்க்கிறேன். ஒரு பை விதை கொண்டுபோகிறவருக்குக் கிடைக்கும் லாபம் நூறு இருநூறு ரூபாய். அதிலிருந்து ஒரு பூச்சி கிளம்பினால் நஷ்டம் அவருக்கு இல்லை. முகம் தெரியாத ஒரு விவசாயிக்கு. லாபம் ஒருவர் கணக்கில், நஷ்டம் ஊர் கணக்கில். கடன் கொடுக்கும்போது நாங்கள் ஏன் அத்தனை கையெழுத்து வாங்குகிறோம்? பொறுப்பு எடுக்கிறவர் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பூச்சி உள்ளே வந்தபிறகு அது வாராக்கடன் மாதிரி. அசல் ஒருநாளும் திரும்பாது, செலவு மட்டும் வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் நடக்கவில்லையா? 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதல்முறையாகத் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. யார் பெட்டியில், எந்தச் சரக்கில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு மண்டலம் முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூசினாற்போல ஆகிவிட்டது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலைக்கு அலைந்தார்கள். எவ்வளவு மருந்து அடித்தும் பயனில்லை. கடைசியில் 2010-ல் இதன் இயற்கை எதிரிகளான மூன்று வகைச் சிறு குளவிகளை அமெரிக்க வேளாண் துறை வழியாக போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். வரவழைத்து வளர்த்தது யார்? நம் பெங்களூர் ஹெப்பாளில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாடு முழுக்கக் குளவிகளை விட்டபிறகுதான் பூச்சி அடங்கியது. பத்து வருஷம் கழித்து 2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தலைகாட்டி, சேலம், நாமக்கல் ஜவ்வரிசிக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுபடி ஹெப்பாள், மறுபடி குளவி, இந்தமுறை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து. ஹெப்பாள் மேம்பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும்போது அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தமான்.

எல்.எஃப்.சி.யில் அந்தமான் போகாத வங்கிக்காரர் உண்டா? போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) தமிழ்க் குரல் கேட்காத தெரு இல்லை. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியமர்த்தினார்கள். நம் சனங்கள் வாழும் தீவு அது. அங்கே என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பழைய ராஸ் தீவில் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் புள்ளிமான்கள் அந்த மண்ணின் பிராணிகள் அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை. துரத்த புலி, சிறுத்தை இல்லாததால் பெருகி, இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. ஆப்பிரிக்க ராட்சத நத்தை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் காலத்தில் வந்தது. 1960-களில் ஒரு மரக் கம்பெனி தொழிலை மூடியபோது விட்டுப்போன யானைகள் இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகிவிட்டன. புதுசு ஒன்றும் உண்டு. நம் ஊர் வயல் தவளை, 2000-களில் வளர்ப்பு மீன் குஞ்சுகளோடு கலந்து போய்ச் சேர்ந்து, தீவு தீவாகப் பரவுகிறது. கோழிக்குஞ்சு முதல் பல்லி வரை விழுங்குகிறது. அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளையே தின்கின்றன.

இதே நத்தை இந்தியாவுக்குள் எப்படி வந்தது? 1847-ல் பென்சன் என்கிற வெள்ளைக்காரர், நத்தை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர், மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு உயிரோடு கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார். 1966-ல் ஹவாய் போய்வந்த ஒரு சின்னப் பையன் மூன்று நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவர, அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஒழிப்பதற்குள் பதினெட்டாயிரம் நத்தைகளைப் பொறுக்கியிருந்தார்கள். செலவு பத்து லட்சம் டாலர். பேரன் ஆசையாகக் கொண்டுவந்ததைக் கீழே போட எந்தப் பாட்டிக்கு மனசு வரும்? கெட்ட எண்ணம் எங்கேயும் இல்லை. அதனால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

ஆனால் சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானம் ஏறினால் இது உள்நாட்டுப் பயணம். பையில் செடி இருக்கிறதா, விதை இருக்கிறதா என்று கேட்கும் ஓர் அட்டை கிடையாது. அந்தமானும் லட்சத்தீவும் இந்தியாவில் ரேபிஸ் இல்லாத பகுதிகள் என்று நம் சுகாதாரத் துறையே எழுதி வைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டாமா? 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய நிக்கோபார் துறைமுகத் திட்டம் வந்தால் கப்பலும் சரக்கும் மண்ணும் எத்தனை மடங்கு போகும்!

நாட்டுக்குள்ளேயே சோதனை எப்படி என்று கேட்பவர்களுக்கு: 1914-ம் வருஷப் பூச்சிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. 1961-ல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டபிறகு நீலகிரி விதைக்கிழங்கு கீழே இறங்கத் தடை போட்டவர்கள்தானே நாம். பந்திப்பூர் வழியாக ஊட்டி போகும்போது கக்கநல்லா சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிவிடுகிறார்கள். யாரும் ரோஷப்படுவதில்லை. பாட்டிலுக்கு முடிகிறது, செடிக்கு முடியாதா?

புலம்புகிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பூச்சி பாட்டியின் பையில் மட்டும் வருவதில்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவில் கப்ரா வண்டு இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டிகளோடு வந்தது. கன்டெய்னரையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். இன்னொன்று, ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அட்டையை நிரப்பித் தருகிறார். அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டால், மாட்டுவது கையெழுத்துப் போட்ட அம்மா. அந்தமானுக்கு அட்டை வந்தால் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தியில் வர வேண்டும். படிக்க முடியாத அட்டையில் கையெழுத்து வாங்குவது நியாயம் அல்ல.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவிடம் "ஒண்ணும் கொண்டு வராதம்மா" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார். அவருக்கு அது பாசம். எது ஆகும், எது ஆகாது என்று அரசு இணையதளத்தில் பார்த்து, ஒரு தாளில் தமிழில் எழுதி அனுப்புங்கள். "உணவு இருக்கிறதா" என்ற கேள்விக்கு நேராக "ஆமாம்" போடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் போவது வற்றல் மட்டும்தான். மிளகாய் அங்கேயும் கிடைக்கிறது, வெயிலும் இருக்கிறது. மோரில் ஊறப்போடும் பக்குவத்தை அம்மா அங்கேயே செய்து காட்டட்டும். அதற்கு எந்த நாட்டிலும் தடை இல்லை.

டிஸ்கி: விதிகளும் அபராதத் தொகையும் அடிக்கடி மாறும். டிக்கெட் போட்டவுடன் ஒருமுறை, பெட்டி கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.